நின்றுபோன கடிகாரமும் நிலைக்க வேண்டிய அமானிதமும்



பள்ளிவாசல் சுவரில் தொங்கும் கடிகாரத்தை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். அது சரியாக ஓடும் வரை அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஒருநாள் அது நின்றுவிட்டால் ஜமாஅத்தார் அனைவரும் அண்ணாந்து பார்ப்பர். "யார் பொறுப்பு?" என்னும் கேள்வி அப்போதுதான் எழும்.

வீட்டுக் கடிகாரம் நின்றால் மின்கலம் மாற்றினால் போதும். ஓர் ஊருக்கே நேரம் சொல்லி வந்த கோபுரக் கடிகாரம் நின்றுவிட்டால் என்ன செய்வது? அதை அகற்றிவிட்டுப் புதியது வைப்பதா? பழைய பொறியையே பழுதுபார்த்து ஓடச் செய்வதா? பழமையையும் காத்து, புதிய வசதியையும் சேர்ப்பதா? இக்கேள்விகள் இன்று நேற்று எழுந்தவை அல்ல. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு பள்ளிவாசலின் வாசலில் எழுந்தவை. அந்த வரலாற்றை அறிந்துகொண்டால், நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் நாம் செய்யவேண்டியது என்ன என்பதும் தெளிவாகும்.

ஜைரூன் வாசலில் ஒரு விந்தை

சிரியா நாட்டின் தலைநகரான திமிஷ்கில் (டமாஸ்கஸ்) உமையா பெரிய பள்ளிவாசல் இருப்பதை அறிவீர்கள். அதன் கிழக்கு வாசலுக்கு ஜைரூன் வாசல் என்று பெயர். ஹஜ்ஜை நிறைவேற்றிவிட்டு ஹிஜ்ரீ 580ஆம் ஆண்டில் (கி.பி. 1184) இந்நகருக்கு வந்த அந்தலூஸ் நாட்டுப் பயணி இப்னு ஜுபைர், அவ்வாசலில் தாம் கண்ட கடிகாரத்தை விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

வாசலைவிட்டு வெளியே வருபவரின் வலப்புறத்தில் ஒரு மாட அறை. அதன் முகப்பில் பெரியதொரு வளைவு. அதிலே பகலின் பன்னிரண்டு மணிகளுக்கும் ஒவ்வொன்றாகச் சிறு கதவுகள். ஒரு மணி நேரம் முடிந்தவுடன் பித்தளையால் செய்த இரண்டு பருந்துகள் கழுத்தை நீட்டி, தம் அலகிலிருந்து இரண்டு உருண்டைகளைக் கீழேயுள்ள பித்தளைக் கிண்ணங்களில் போடும். ஓசை எழும். அந்த மணிக்குரிய கதவு மூடிக்கொள்ளும். கிண்ணங்களின் அடியில் துளை இருப்பதால் உருண்டைகள் சுவருக்குள் திரும்பிச் சென்றுவிடும். இரவில் வேறொரு ஏற்பாடு. கதவுகளுக்கு மேலே பன்னிரண்டு செப்பு வளையங்கள், ஒவ்வொன்றிலும் கண்ணாடி. அவற்றின் பின்னே தண்ணீரின் விசையால் ஒரு விளக்கு நகரும். மணி கழியக் கழிய ஒவ்வொரு வளையமாகச் செந்நிறத்தில் ஒளிரும்.

இத்தனையையும் இயக்கியது தண்ணீர்தான். தொட்டியிலிருந்து நீர் அளவாக வெளியேறும். நீர்மட்டம் இறங்க இறங்க, மேலே கிடக்கும் மிதவையும் இறங்கும். மிதவையோடு பிணைத்த கயிறு பின்புறமுள்ள பொறிகளை ஒவ்வொன்றாக இழுத்து விடுவிக்கும். கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. ஏனெனில் அக்காலத்தில் ஒரு மணி என்பது எப்போதும் அறுபது நிமிடம் அன்று. பகற்பொழுது எவ்வளவு நீண்டாலும் குறுகினாலும் அதைப் பன்னிரண்டு சம கூறுகளாகப் பிரிப்பர். கோடையில் ஒரு மணி நீளும், குளிர்காலத்தில் சுருங்கும். ஆகவே பருவத்திற்கு ஏற்ப நீரோட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் தெரிந்த ஒருவர் அருகில் இருந்தாக வேண்டும்.

இப்னு ஜுபைரின் பதிவில் மற்றொரு செய்தியும் உண்டு. அந்த மாட அறைக்குள் இக்கலையில் தேர்ந்த ஒருவர் பொறுப்பாளராக இருந்தார். மூடிய கதவுகளை மீண்டும் திறப்பதும், உருண்டைகளை உரிய இடத்தில் வைப்பதும் அவர் பணி. வெளியே நின்ற மக்கள் பருந்தைக் கண்டு வியந்தனர். பருந்துக்குப் பின்னால் ஒரு மனிதர் அமர்ந்திருந்தார் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

தந்தை செய்தார், மைந்தர் மீட்டார்

இக்கடிகாரத்தை அமைத்தவர் குராஸானிலிருந்து வந்து திமிஷ்கில் குடியேறிய முஹம்மது இப்னு அலீ என்பவர். சுல்தான் நூருத்தீன் ஸன்கீ (ரஹ்) அவர்களின் ஆட்சிக்காலத்தில் அவர் இதைச் செய்தார். அதற்குரிய வெகுமதியுடன், கடிகாரத்தைப் பராமரிப்பதற்கென்று தொடர்ந்து ஊதியமும் அவருக்கு வழங்கப்பட்டது. மக்கள் அவரை 'அஸ்ஸாஆத்தீ', அதாவது கடிகாரக்காரர் என்றே அழைத்தனர். அவர் வாழ்ந்தவரை கடிகாரம் ஓடியது.

அவர் மறைந்தபின் என்ன நேர்ந்தது? கருவி அங்கேயே இருந்தது. கலை அவரோடு போய்விட்டது. பொறுப்பேற்றவர்களுக்கு அதன் நுட்பம் பிடிபடவில்லை. சீர்செய்ய முயன்றவர்களின் கைகளிலேயே பழுது மேலும் வளர்ந்தது.

அவருடைய மைந்தர் ரிள்வான் அப்போது புகழ்பெற்ற மருத்துவர். அய்யூபிய அரச குடும்பத்தாரிடம் அமைச்சர் பொறுப்பும் வகித்தவர். கடிகாரத் தொழில் அவருடைய பிழைப்பு அன்று. ஆயினும் தந்தை செய்த கடிகாரம் சிதைவதைக் கண்டு அவர் அதைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். பிரித்து, திருத்தி, மீண்டும் ஓடச் செய்தார்.

அத்துடன் அவர் நின்றிருந்தால் ஒரு நல்ல மகனின் கதையாக இது முடிந்திருக்கும். ஆனால் அவர் மற்றொன்றும் செய்தார். ஹிஜ்ரீ 600ஆம் ஆண்டில் (கி.பி. 1203) கடிகாரத்தின் அமைப்பையும், ஒவ்வொரு உறுப்பின் வடிவையும், அவை ஒன்றோடொன்று இணையும் முறையையும் படங்களுடன் விளக்கி ஒரு நூல் எழுதினார். தமக்குப் பின் வருபவர் எவராயினும், அந்நூலைக் கையில் வைத்துக்கொண்டு பழுதுபார்க்க முடியவேண்டும் என்னும் கவலை அதில் தெரிகிறது.

அன்புக்குரியவர்களே! அந்தக் கடிகாரம் இன்று இல்லை. பருந்துகள் இல்லை, கிண்ணங்கள் இல்லை. ஆனால் ரிள்வானின் நூல் கையெழுத்துப் பிரதிகளாகத் தப்பிப் பிழைத்தது. இருபதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய ஆய்வாளர்கள் அதைக் கற்று மொழிபெயர்த்தனர். இன்றும் பொறியியல் வரலாறு எழுதுவோர் ஜைரூன் கடிகாரம் இப்படித்தான் இயங்கியது என்று படம் வரைந்து காட்டுகின்றனர். பித்தளை அழிந்தது, ஏட்டில் எழுதியது நின்றது.

எழுதி வைக்காததன் விளைவு

இதற்கு நேர்மாறான காட்சியை மொரோக்கோ நாட்டின் ஃபாஸ் நகரில் காணலாம். மரீனிய சுல்தான் அபூ இனான், தாம் கட்டிய மத்ரஸாவுக்கு எதிரே 1357ஆம் ஆண்டில் ஒரு நீர்க்கடிகாரம் நிறுவச் செய்தார். 'தாருல் மகானா', அதாவது கடிகார இல்லம் என்று அக்கட்டடம் பெயர்பெற்றது. அங்கும் பன்னிரண்டு சிறு கதவுகள். கீழே பித்தளைக் கிண்ணங்கள். மணிக்கொரு முறை உருண்டை விழும் ஏற்பாடு.

கட்டடத்தின் முகப்பு இன்றும் நிற்கிறது. செதுக்கு வேலைப்பாடுகள் கண்ணைக் கவர்கின்றன. உள்ளிருந்த பொறியோ காணாமற்போயிற்று. அது எவ்வாறு இயங்கியது என்பதை உறுப்பு உறுப்பாக விளக்கும் ஒரு ரிள்வான் அங்கே வாய்க்கவில்லை. ஆதலால் முகப்பைப் புதுப்பிக்க முடிகிறது. பொறியைப் பற்றி ஆய்வாளர்கள் ஊகித்தே பேசவேண்டியிருக்கிறது.

மினாராவின் மீதிருந்த சூரியக் கடிகாரம்

மீண்டும் திமிஷ்குக்கு வருவோம். அதே உமையா பள்ளிவாசலில் 'முவக்கித்' என்றொரு பதவி இருந்தது. கதிரவனின் நிலையைக் கணித்துத் தொழுகை நேரங்களை முறைப்படுத்தித் தருபவரே முவக்கித். பதினான்காம் நூற்றாண்டில் அப்பதவியை வகித்தவர் வானியல் மேதை இப்னுஷ் ஷாத்திர். சந்திரனின் இயக்கத்திற்கு அவர் வகுத்த கணித அமைப்பும், பின்னாளில் ஐரோப்பாவில் கோப்பர்னிக்கஸ் தந்த அமைப்பும் ஒத்திருப்பது இன்று அறிவியல் வரலாற்றாசிரியர்களை வியக்கவைக்கும் செய்தி.

அவர் ஹிஜ்ரீ 773ஆம் ஆண்டில் (கி.பி. 1371) பளிங்குக் கல்லில் பெரியதொரு சூரியக் கடிகாரம் செதுக்கி, பள்ளியின் மினாராவில் பொருத்தினார். ஐந்து நூற்றாண்டுகள் அது அங்கே இருந்தது. 1873ஆம் ஆண்டில் அதைச் சரிப்படுத்த முனைந்தபோது கல் உடைந்துவிட்டது. அப்பணியில் ஈடுபட்டிருந்தவர் அன்றைய முவக்கித் தந்தாவீ.

இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். ஐந்நூறு ஆண்டு காலச் சொத்து ஒருவரது பொறுப்பில் இருக்கும்போது உடைந்துபோயிற்று. வருந்திக் கைவிட்டிருக்கலாம்; காலத்தின் மீது பழிபோட்டிருக்கலாம். தந்தாவீ அவ்வாறு செய்யவில்லை. மூலக் கல்லின் ஒவ்வொரு கோட்டையும் ஒவ்வொரு எழுத்தையும் பார்த்து அதேபோன்ற மற்றொரு கடிகாரத்தைச் செதுக்கி, 1876இல் மினாராவில் நிறுவினார். உடைந்த மூலக் கல்லின் துண்டுகளும் வீணாகவில்லை. அவை பின்னர் மீட்கப்பட்டு, ஒன்றுசேர்க்கப்பட்டு, திமிஷ்க் தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன.

லக்னோவின் மணிக்கூண்டு

அரபு நாட்டுச் செய்திகள் போதும், நம் நாட்டில் ஏதேனும் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. உத்தரப்பிரதேசத் தலைநகர் லக்னோவில், பெரிய இமாம்பாராவுக்கு அருகே ஹுசைனாபாத் மணிக்கூண்டு எழுந்து நிற்கிறது. அவத் அரசர் முஹம்மது அலீ ஷா (ஆட்சி 1837 முதல் 1842 வரை) விட்டுச்சென்ற சொத்தை நிர்வகிக்கும் ஹுசைனாபாத் அறக்கட்டளை, ஆங்கிலேயர் காலத்தில், 1880களில் இதைக் கட்டியது. உயரம் 221 அடி. செலவு அக்கால மதிப்பில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய். கடிகாரம் லண்டனில் செய்து கொண்டுவரப்பட்டது. முகப்பு பன்னிரண்டு இதழ் மலரைப் போன்றது.

நூறாண்டு காலம் நகருக்கு நேரம் சொன்ன அக்கடிகாரம் 1984இல் நின்றது. அதன்பின் 27 ஆண்டுகள் ஓடவே இல்லை. ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, மணம்முடித்துத் தானும் ஒரு பிள்ளைக்குத் தாயாகும் காலம் அது. அத்தலைமுறைக்கு அது நேரம் காட்டும் கோபுரம் அன்று, வெறும் கல்தூண். இத்தகைய பழங்கடிகாரத்திற்கு உதிரிப்பாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது. தேய்ந்த பல்லை அளந்து, அதேபோல் மற்றொன்றை வார்த்துக் கடைந்தெடுக்க வேண்டும். அப்படித் தொழில்நுட்பம் அறிந்த அந்நகரத்து மனிதர் இருவர் முன்வந்து பழுதுபார்க்கும் பொறுப்பை ஏற்றனர். 2011ஆம் ஆண்டில் முட்கள் மீண்டும் நகர்ந்தன.

கட்டுவதற்கு அன்று பணம் இருந்தது. நின்றபின் அதை ஓட்டுவதற்குத் தேவைப்பட்டது, உள்ளே இறங்கிக் கையை எண்ணெயாக்கிக்கொள்ளத் துணிந்த இரண்டு மனிதர்கள்.

லண்டன் கற்றுத்தரும் பாடம்

பழமையைக் காப்பதும் புதுமையைச் சேர்ப்பதும் ஒன்றுக்கொன்று பகை என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்க்க உலகறிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. லண்டன் நாடாளுமன்றத்தின் கடிகாரக் கோபுரத்தைப் பலரும் 'பிக் பென்' என்பர். உண்மையில் அது உள்ளே தொங்கும் பெரிய மணியின் பெயர். 96 மீட்டர் உயரமுள்ள அக்கோபுரத்தின் கடிகாரம் 1859ஆம் ஆண்டு மே 31 அன்று ஓடத் தொடங்கியது. 1976ஆம் ஆண்டில் உலோகம் சோர்ந்து முறிந்ததால் பெரும் சேதமடைந்து, மாதக்கணக்கில் சீர்செய்யப்பட்டது.

2017ஆம் ஆண்டில் முழுமையான புதுப்பிப்பு தொடங்கியது. ஆகஸ்ட் 21 அன்று மணியோசை நிறுத்தப்பட்டது. கடிகாரப் பொறி முழுவதையும் உறுப்பு உறுப்பாகக் கழற்றி, கம்ப்ரியா பகுதியிலுள்ள கடிகாரப் பட்டறைக்கு அனுப்பினர். நான்கு முகப்புகளிலும் இருந்த 1,296 கண்ணாடித் துண்டுகளும் மாற்றப்பட்டன. புதியவை வாயால் ஊதிச் செய்த கண்ணாடிகள். கறுப்பாக இருந்த முட்களின் வண்ணத்தை அடுக்கடுக்காகச் சுரண்டிப் பார்த்தபோது, தொடக்கத்தில் அவை கருநீலமாக இருந்தன என்பது தெரியவந்தது. மீண்டும் அந்நீலமே பூசப்பட்டது.

சேர்த்த புதுமைகளையும் பாருங்கள். பழைய விளக்குகளுக்குப் பதிலாக மின்சாரத்தை மிச்சப்படுத்தும் எல்.இ.டி. விளக்குகள். 334 படிகளைத் தவிர வேறு வழியில்லாதிருந்த கோபுரத்தில், காற்றுப்போக்கிற்காக அமைந்த பழைய குழிக்குள்ளேயே ஒரு மின்தூக்கி. ஆனால் கடிகாரத்தின் உயிரை அவர்கள் மாற்றவில்லை. மின்மோட்டார் பொருத்திவிட்டால் வேலை எளிது. புதுப்பிப்பின்போது முட்களைத் தற்காலிகமாக அப்படித்தான் ஓட்டினர். பணி முடிந்ததும் மோட்டாரை அகற்றிப் பழைய பொறியையே மீண்டும் பொருத்தினர். அதன் ஊசலின் மேல் பழைய செப்புக் காசுகளை அடுக்கி நேரத்தைச் சரிசெய்யும் வழக்கம் உண்டு. ஒரு காசு கூடினால் நாளொன்றுக்கு 0.4 வினாடி விரையும். அந்த முறையும் தொடர்கிறது. 2022ஆம் ஆண்டு நவம்பர் 13 முதல் மணி முறைப்படி ஒலிக்கலாயிற்று.

செலவையும் மறைக்காமல் சொல்லவேண்டும். முதலில் 29 மில்லியன் பவுண்டு என்று மதிப்பிட்ட பணி, ஏறத்தாழ 80 மில்லியன் பவுண்டில் முடிந்தது. திறந்து பார்த்தபின்னரே இரண்டாம் உலகப் போர்க் குண்டுவீச்சின் சேதம் எவ்வளவு என்பதும், உள்ளே கல்நார் இருப்பதும் தெரிந்தன. பல்லாண்டுகள் தள்ளிப்போட்ட பராமரிப்பு ஒருநாள் வட்டியோடு கணக்குக் கேட்கும்.

மீட்பின் பெயரால் அழிப்பு

பழமையைக் காப்பதாகச் சொல்லியே பழமையை அழித்த நிகழ்வும் உண்டு. பைத்துல் முகத்தஸ் நகரின் யாஃபா வாசலில், உஸ்மானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் ஆட்சிக்காலத்தை நினைவுகூரும் கடிகாரக் கோபுரம் ஒன்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், பழைய மதிற்சுவரின் தோற்றத்திற்கு அது பொருந்தவில்லை என்று கூறி 1922இல் அதை அகற்றினர். ஓடிக்கொண்டிருந்த ஒரு வரலாறு, 'தொன்மையான தோற்றம்' என்னும் பெயரால் மறைந்தது. எதைக் காப்பது, எதை நீக்குவது என்று முடிவு செய்பவர் எவரோ, அவருடைய பொறுப்பு மிகப் பெரிது.

நமக்குரிய படிப்பினை

அன்பார்ந்த வாசகர்களே! இவ்வரலாறுகள் அனைத்தும் ஒரே செய்தியைத்தான் நமக்குச் சொல்கின்றன. நமக்கு முன் வாழ்ந்தோர் ஒப்படைத்துச் சென்ற பொருள் நம் கையில் அமானிதம். அதைக் கட்டிடமாக மட்டும் பெற்றுக்கொண்டால் பாதியைத்தான் பெற்றோம். அது எவ்வாறு இயங்குகிறது என்னும் அறிவையும், அதைக் கவனிக்கும் ஆளையும், அவருக்குரிய ஊதியத்தையும் சேர்த்தே பெறவேண்டும். சேர்த்தே ஒப்படைக்கவும் வேண்டும்.

நம் ஊர்களில் பள்ளிவாசல்களைப் புதுப்பிக்கும் பணி நடந்தவண்ணம் இருக்கிறது, மகிழத்தக்கதே. ஆனால் பழைய பள்ளியை இடிக்கும் அன்று அதிலிருந்த கல்வெட்டு எங்கே போகிறது? முன்னோர் கூடத்தில் மாட்டிய பெரிய ஊசல் கடிகாரம் எந்த அறையில் கிடக்கிறது? தொழுகை நேர அட்டவணையைக் கணித்தவர் எழுதிவைத்த ஏடு எவரிடம் இருக்கிறது? ஹவுளின் நீர் எவ்வழியே வந்து எவ்வழியே போகிறது என்பதை அறிந்த மோதினார் முதுமையடைந்துவிட்டாரே, அவரிடம் எவரேனும் கேட்டு எழுதினார்களா?

முத்தவல்லிகளுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். எதையும் கழற்றும் முன் படம் எடுங்கள், அளவு எடுங்கள், ஒவ்வொரு பொருளுக்கும் பெயர் எழுதி ஒட்டுங்கள். பழுதுபார்த்தால் என்ன பழுது, யார் பார்த்தார், எதை மாற்றினார் என்று ஒரு குறிப்பேட்டில் பதியுங்கள். புதிய மின்விளக்கும் ஒலிபெருக்கியும் தாராளமாக வரட்டும். அவற்றுக்காகப் பழைய மரவேலையையும் கல்லையும் குடையாத வழி உண்டா என்று ஒருமுறை கேளுங்கள். கட்டட நிதி திரட்டும் அதே நாளில் பராமரிப்புக்கென்றும் ஒரு பங்கை ஒதுக்குங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். ரிள்வான் மருத்துவராக இருந்தும் தந்தையின் கலையைக் கற்றிருந்தார். நம் பிள்ளைகள் எந்தப் படிப்பும் படிக்கட்டும். எந்த உத்தியோகமும் பார்க்கட்டும். பாட்டனாரின் தொழில் என்ன, அவர் கையாண்ட கருவியின் பெயர் என்ன என்பதையேனும் அவர்கள் அறிந்திருக்கட்டும். விடுமுறை நாளில் அவர்களைப் பள்ளிவாசலுக்கு அழைத்துச் சென்று, கடிகாரத்திற்குச் சாவி கொடுக்கும் பெரியவரிடம் அதை எப்படிச் செய்கிறார் என்று கேட்கச் சொல்லுங்கள்.

முன்னோர் நம்மிடம் ஒப்படைத்தவற்றை, அறிந்து, காத்து, அறிவோடு அடுத்த தலைமுறையிடம் சேர்ப்பிக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.